ஆறாவது டேக்கில் உயர்ந்த கை

மார்ச் 11, திங்கள்

வேலை உறுதியாகிவிட்டது. 1967-இல் வந்த ‘உப்பளத்து அரக்கன்’ படத்தை இப்போது வண்ணத்தில் மறுபடியும் எடுக்கிறார்கள். கண்டினியூட்டி பார்ப்பது என் பொறுப்பு. பதினேழு வருடமாக இதுதான் என் பிழைப்பு. கதாநாயகன் எந்தக் கையால் டம்ளரைப் பிடித்தான், சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, மூன்று வாரம் கழித்து மீதிக் காட்சியை எடுக்கும்போது எல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, நேரம் போட்டுத் தாளில் எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இப்படி ஒருத்தி இருந்ததே படம் பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

இயக்குநர் நிரஞ்சனுக்கு முப்பத்தொரு வயது. மரியாதை தெரிந்தவர். “வேணி மேடம், பழைய படத்துல இருக்கற தப்பு எல்லாத்தையும் எழுதி வைங்க. நெட்ல ஜனங்க என்ன பேசிக்கறாங்கன்னும் பாருங்க. நாம அதே தப்பத் திரும்பப் பண்ணிடக்கூடாது. அப்புறம், விளம்பரத்துக்கும் ஆகும்” என்றார்.

வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோனேன். தொட்டி வழிந்து கீழ்வீட்டார் சத்தம் போட்டார்கள். அடுத்தவர் மறதியைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன்.

மார்ச் 16, சனி

பழைய படத்தை இன்றோடு மூன்று முறை பார்த்தாயிற்று. உப்பளத்துக்கு அடியிலிருந்து எழுந்து வரும் அரக்கன், உடம்பெல்லாம் உப்புப் படிந்தவன். முதல் முறை எழும்போது அவன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் தெரிகிறது. சேற்றில் பதியும் பாதத்துக்கு மூன்று விரல், திரும்பிப் போகும்போது நான்கு. நாயகி ஓடத் தொடங்கும்போது முழுநிலா, ஓடி முடிப்பதற்குள் பிறை. இதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதலாம்.

சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு அரக்கன் ஒரு சாண் குள்ளமாகிவிடுகிறான். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறான். முதல் பாதியில் அந்த நடை இல்லை.

இணையத்தில் இந்தக் காலைப் பற்றித்தான் சண்டையே. “அடிபட்டதைச் சொல்லாமலே காட்டியிருக்கார், அந்தக் காலத்து ஆளுங்க வேற லெவல்” என்கிறார் ஒருவர். “சும்மா இருங்க சார், டைரக்டர் மறந்துட்டார்” என்று இன்னொருவர். “மறந்திருந்தா என்ன, அந்த நடையாலதான் எனக்கு அரக்கன் மேல பரிதாபமே வந்தது” என்று ஒரு பெண். அவர் சொல்வது எனக்குச் சரி என்று பட்டது. ஆனாலும் பட்டியலில் அது பதினான்காவது தவறு.

ஏப்ரல் 19, வெள்ளி

அரக்கன் உடையை இன்று போட்டுப் பார்த்தார்கள். சிலிக்கானும் பஞ்சும் சேர்ந்து இருபத்தாறு கிலோ. உள்ளே போகிறவர் டைட்டஸ், வியாசர்பாடிக்காரர், சண்டைக் கலைஞர். ஆறடிக்கு மேல் உயரம், முப்பத்து நான்கு வயது. முதுகுப்புறம் ஜிப்பை இழுத்துவிட்டால் தானாகக் கழற்ற முடியாது. தலை தனியாக மாட்டப்படுகிறது. மாட்டிவிட்டால் அவர் பேசுவது வெளியே கேட்பதில்லை.

கழற்றியதும் முகம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “உள்ள ஒரே இருட்டுக்கா. மூக்காண்ட ரெண்டு ஓட்ட, அவ்ளோதான். நம்ம மூச்சு நமக்கே திரும்பி வருது.”

எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அவரே ஓர் ஏற்பாடு சொன்னார். மூச்சு முட்டினால் வலது கையை விரல் விரித்துத் தலைக்கு மேலே தூக்குவார். தூக்கினால் உடனே தலையைக் கழற்ற வேண்டும். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

மே 6, திங்கள்

மரக்காணம். உப்பளத்தில் முதல் நாள். வெயில் தரையிலிருந்து திரும்பி முகத்தில் அடிக்கிறது. குடை எடுத்துவராதது தப்பு. டைட்டஸுக்கு நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை தலையைக் கழற்றி மோரும் ஐஸ் துண்டும் கொடுக்கிறார்கள். ரெபேக்கா, அவர் மனைவி, போனில் கூப்பிட்டு “தண்ணி குடிச்சாரான்னு மட்டும் சொல்லுங்க மேடம்” என்று என்னைக் கேட்டார். என் நம்பரை டைட்டஸ் கொடுத்திருக்கிறார். நான்தான் எல்லாவற்றையும் எழுதி வைப்பவளாம்.

மே 10, வெள்ளி

மூன்று நாள் பின்தங்கிவிட்டோம். தலையைக் கழற்றும் இடைவெளிகளைக் குறைக்கச் சொல்கிறார்கள். செருப்பு வார் அறுந்துவிட்டது.

மே 14, செவ்வாய்

காட்சி 41. அரக்கன் ஊரைப் பார்த்து நடந்து வருவது. காலை 9.40-க்குத் தலை மாட்டினார்கள். டேக் 1-இல் கேமரா ஆடியது. 2, 3 சரியில்லை. 4-இல் பின்னால் யாரோ சைக்கிளில் போனார்கள். 5 சுமார். டேக் 6, மணி 11.48, வலது கை உயர்ந்தது, விரல் விரிந்திருந்தது. டேக் 5-உடன் பொருந்தவில்லை. குறித்துக்கொண்டேன், மானிட்டரைப் படமும் எடுத்துக்கொண்டேன்.

11.53-க்கு டைட்டஸ் முழங்காலிட்டார். 11.55-க்கு விழுந்தார். ஜிப் சிக்கிக்கொண்டது. கத்தியால் கிழித்துத்தான் வெளியே எடுத்தார்கள். தோல் காய்ந்திருந்தது, வியர்வையே இல்லை. புதுச்சேரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ரெபேக்காவிடமிருந்து நான்கு அழைப்புகள்.

மே 15, புதன்

உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். சிறுநீரகம் வேலை செய்யவில்லை.

மே 17, வெள்ளி

தயாரிப்பு நிர்வாகி சம்பந்தம் சார் என் அறைக்கு வந்தார். இருபது வருடப் பழக்கம், எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர். உட்காரவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தொழிலாளர் சங்கத்துல விசாரிக்கப் போறாங்கம்மா. உன் தாளத்தான் முதல்ல கேப்பாங்க. பத்தே முக்காலுக்கு ஒரு பிரேக் எழுதிடு.”

“பிரேக் விடலையே சார்.”

“தெரியும். அதனாலதான் கேக்கறேன். அப்புறம் அந்த ஆறாவது டேக். கையத் தூக்கினான்னு எழுதியிருக்க பாரு. அத முந்தின நாள் தாளுல சேத்துடு. அன்னிக்கும் அதே இடத்துலதான எடுத்தோம்? நடிப்புல தூக்கினதா இருந்துட்டுப் போகட்டும்.”

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன்.

“அவனுக்கு வேண்டியத நாங்க பாத்துக்கறோம். ஆனா படம் நின்னுபோச்சுன்னா நூத்தம்பது பேருக்கு வேல இல்ல. யோசிச்சுப் பாரு.”

இரண்டு தாளையும் புதிதாக எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும். பழையதைக் கிழித்துவிடச் சொன்னார். கிழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

மே 18, சனி

நான்கு புடவைக்கு இஸ்திரி போட்டேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். கை பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. சூரியன் எதிரில் இருந்தது. மானிட்டரைப் பார்க்கக் கண் கூசியது. யாராக இருந்தாலும் நடிப்பு என்றுதான் நினைத்திருப்பார்கள். நிரஞ்சனும் “சூப்பர்” என்றுதான் சொன்னார்.

ஜூன் 3, திங்கள்

வேறு ஆளை வைத்துப் படப்பிடிப்பு தொடர்கிறது. புதியவர் டைட்டஸை விட இரண்டு அங்குலம் குள்ளம். உடையின் பாதத்துக்குள் அட்டை வைத்துச் சரிசெய்தேன். தோள் சரிவையும் பஞ்சு வைத்து ஏற்றினோம். இரண்டு பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. நிரஞ்சன் பாராட்டினார். இப்போது இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையைக் கழற்றுகிறார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

டைட்டஸைப் பார்க்கப் போனேன். சென்னை மருத்துவமனைக்கு மாற்றிவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அவ்வளவு பெரிய உடம்பு கட்டிலில் கொஞ்சமாகக் கிடந்தது. சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன். அவர் சாத்துக்குடி சாப்பிடக்கூடாதாம்.

ரெபேக்கா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். “சொன்னது இவருதான் மேடம். கையத் தூக்குவேன்னு. ஏன் தூக்கலன்னு கேட்டா முழிக்கறாரு. இன்னும் ஒரு டேக், இன்னும் ஒரு டேக்னு வீராப்பா நின்னிருப்பாரு.”

“ஞாபகம் இல்லக்கா” என்றார் டைட்டஸ். “நடந்தது வரைக்கும் தெரியுது. அப்பால ஒண்ணும் இல்ல. தூக்கலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான்தான் ஏமாந்துட்டேன் போல.”

“உடம்பப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.

ஜூலை 12, வெள்ளி

சங்கத்தில் முதல் விசாரணை. என்னைக் கூப்பிடவில்லை, தாள்களை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இடைவெளி தரப்பட்டது, சைகை செய்யப்படவில்லை என்று பதிவாகியிருக்கிறதாம். சம்பந்தம் சார் போனில் சொன்னார். “நல்லா இருக்கியாம்மா?” என்றும் கேட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பழைய படத்தின் தவறுகளை விளம்பரக்காரர்கள் சின்னச் சின்ன வீடியோவாகப் போடுகிறார்கள். நான் எழுதிக் கொடுத்தவைதான். கைக்கடிகாரத்துக்கு எட்டு லட்சம் பேர். இன்று பதினான்காவது, குள்ளமான அரக்கன். சிரிப்புச் சத்தம் சேர்த்து வெளியிட்டார்கள்.

கீழே ஒரு கருத்து: “முதல் பாதியில் இருப்பது என் அப்பா. இரண்டாம் பாதியில் இருப்பது அவர் இல்லை. திலகவதி குழந்தைவேல், சிதம்பரம்.” அதற்கு யாரும் பதில் போடவில்லை. நான் தனியாக எழுதி நம்பர் வாங்கிப் பேசினேன்.

அறுபத்தாறு வயது, தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிதானமான குரல்.

“சாக்குத் துணியில கோந்து தடவி, நிஜ உப்ப ஒட்டி அந்த உடைய செஞ்சாங்க. பத்தொம்பது நாள் போட்டுக்கிட்டு நடிச்சாரு. உடம்பு பூரா தோல் உரிஞ்சு, வாழை இலையில படுக்க வெச்சிருந்தோம். நான் அப்ப மூணாங்கிளாஸ். வேற ஆளு போட்டாங்க. அவருக்கு உடை பெருசு. கால்ல சுருண்டு தடுக்குச்சு. அதான் அந்த இழுத்து நடக்கறது.”

“அப்பா அப்புறம் எப்படி இருந்தாங்கம்மா?”

“எழுபத்தெட்டு வயசு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. ஊரோட வந்துட்டாரு. படத்த மட்டும் பாக்கல. பேரும் போடல அதுல.” பிறகு கேட்டார்: “நீங்கதான் இந்தத் தப்பெல்லாம் கண்டுபிடிச்சு எழுதறவங்களா?”

“ஆமாங்கம்மா.”

“கண்ணு நல்லா இருக்கு உங்களுக்கு. ஒண்ணு பொருந்தலன்னு எழுதறீங்களே, ஏன் பொருந்தலன்னு யாரையாச்சும் கேட்டு எழுதுவீங்களா?”

அது என் வேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 7, சனி

கல்லூரி மாணவர்கள், குடும்பத்தோடு வருபவர்கள் என்று எண்பது பேரைக் கூட்டி வந்து முடியாத படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் ஒரு காகிதம் கொடுத்து எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதி வாங்கினார்கள். படித்துத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது.

பாட்டு வேண்டாம் என்று நிறைய பேர். பழைய அரக்கன்தான் பயமாக இருந்தான், இவன் அழகாக இருக்கிறான் என்று ஒரு பெரியவர். மிகவும் பிடித்த இடம் எது என்ற கேள்விக்கு நாற்பத்தொரு பேர் ஒரே இடத்தை எழுதியிருந்தார்கள். அரக்கன் ஊரைப் பார்த்து நின்று கையை உயர்த்தும் இடம்.

“கடவுளிடம் கேட்பது போல இருந்தது.” “அந்த விரல்கள் நடுங்கியபோது அழுதுவிட்டேன்.” “சிலிக்கானுக்குள் இப்படி ஒரு நடிப்பா. யார் அந்த நடிகர்?”

விரல் நடுங்கியதை நான் தாளில் எழுதவில்லை. அன்று அதைப் பார்த்தேன்.

நிரஞ்சன் காகிதங்களை வாங்கிப் படித்துவிட்டு, “இந்த ஒரு ஷாட் போதும் மேடம்” என்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

சாமான் துலக்கி முடித்து உட்கார்ந்திருக்கிறேன். இதை இப்போதே எழுதிவிட வேண்டும்.

வெயில் கண்ணில் அடிக்கவில்லை. மானிட்டருக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். கை உயர்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரலில் அவர் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. ஆனால் நாங்கள் மூன்று நாள் பின்தங்கியிருந்தோம், இயக்குநர் சூப்பர் என்றார், நான் கத்தினால் ஆறாவது டேக்கும் வீணாகும். யாராவது சொல்லட்டும் என்று இருந்தேன். அதற்குள் கை பேனாவை எடுத்து எழுதிவிட்டது. எழுதியதும், என் வேலையைச் செய்துவிட்ட மாதிரி இருந்தது. ஏழு நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 14, சனி

பழைய தாள்களையும் போனையும் எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போனேன். டைட்டஸ் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. டயாலிசிஸ் நின்றுவிட்டது. ஆனால் இனி வெயிலில் வேலை செய்யக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. ஃபேன் காற்றில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரெபேக்கா தையல் மிஷினில் இருந்தார்.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். நேரத்தைக் காட்டினேன். “நீங்க கையத் தூக்கினீங்க. நான் பாத்தேன். பொருந்தலன்னு எழுதினேன். அப்புறம் அவங்க சொன்னாங்கன்னு மாத்தி எழுதினேன்” என்றேன்.

ரெபேக்கா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை விட்டு டைட்டஸ் பக்கம் திரும்பினார்.

“தூக்கியிருக்கய்யா நீ” என்றார். “நாலு மாசமா உன்னத் திட்டிட்டிருந்தேன்.”

டைட்டஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வலது கையை ஒரு முறை மடக்கி விரித்துக்கொண்டார். “எனக்கே என் மேல நம்பிக்க போயிடுச்சுக்கா. நான் சொன்னத நானே செய்யலன்னு இருந்துது.” பிறகு குரல் மாறியது. “அப்ப நீ பாத்துக்கினுதான் இருந்தியா?”

“ஆமா.”

“எவ்ளோ நேரம்?”

“ஏழு நிமிஷம்.”

அவர் கீரைத் தட்டைக் கீழே வைத்தார். “நீ போக்கா. விசாரணைக்கு வந்து இதச் சொல்லு. இப்பப் போ.”

ரெபேக்கா கதவு வரை வந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னால் குடித்திருக்க முடியாது.

செப்டம்பர் 23, திங்கள்

சங்கத்து அறை. நீள மேஜை, ஐந்து பேர். நான்கு தாளையும் வரிசையாக வைத்தேன், பழையது இரண்டு, புதியது இரண்டு. நடுவில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“நாலும் ஒரே கையெழுத்தா இருக்கேம்மா.”

“நாலும் என்னோடதுதான் சார்.”

“எது உண்மை?”

காட்டினேன். மாற்றச் சொன்னது யார் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னேன். சம்பந்தம் சார் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிரஞ்சன் எழுந்து நின்றார். “எனக்கு அந்த சிக்னல் ஞாபகமே வரல சார். நான் நடிப்புன்னுதான் நெனச்சேன்” என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. அதையும் சொன்னேன்.

அக்டோபர் 4, வெள்ளி

தீர்ப்பு வந்தது. தவறு படக்குழுவினுடையது, டைட்டஸுடையது அல்ல. வைத்தியம் முழுவதும், வேலை இழந்ததற்கான ஈடும் தயாரிப்பாளர் பொறுப்பு. சம்பந்தம் சாருக்கு ஒரு வருடத் தடை. எனக்கு இரண்டு வருடம். பேனாவைப் பிடித்தது நான் என்பதால் கூடுதல். நியாயம்தான்.

உனக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று டைட்டஸைக் கேட்டார்கள். அந்த ஷாட் படத்தில் இருக்கக்கூடாது என்றார்.

நிரஞ்சன் கெஞ்சினார். “டைட்டஸ், படத்துலயே அதுதாங்க உயிர். உங்க பேரப் பெருசா போடறேன். எல்லாரும் உங்க நடிப்பப் பத்தித்தான் பேசுவாங்க.”

“அது நடிப்பு இல்ல சார். நான் மூச்சு கேட்டேன். அத யாரும் டிக்கெட் எடுத்துப் பாக்க வேணா.”



வெளியே படிக்கட்டில் ரெபேக்கா என்னைத் தாண்டிப் போகையில் ஒரு நொடி நின்றார். “வந்து சொன்னீங்க” என்றார். அவ்வளவுதான். டைட்டஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

நவம்பர் 20, புதன்

பள்ளி நோட்ஸ் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. நாளை முதல் போகிறேன். திலகவதி அம்மா கூப்பிட்டார். தன் அப்பா பெயரைச் சேர்த்து அந்த வீடியோவைத் திருத்திப் போட்டிருக்கிறார்களாம். நிரஞ்சன் செய்திருக்க வேண்டும். சிரிப்புச் சத்தத்தையும் எடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

படம் வெளியானது. நான் போகவில்லை. பிழை திருத்த நிறைய பக்கம் இருந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

காலையில் துணி ஊறவைத்துவிட்டுக் கருத்துகளைப் படித்தேன். பழசுதான் நல்லா இருந்தது என்று பாதிப் பேர். இது தேவலை என்று மீதிப் பேர். அரக்கனாக டைட்டஸ் என்று படத்தில் தனியாகப் பெயர் போட்டிருக்கிறார்களாம்.

ஒருவர் நுணுக்கமாகப் பார்த்து எழுதியிருந்தார். “ஊரைப் பார்த்து நடந்து வரும் சீனில் ஒரு ஜம்ப் இருக்கு. கை கீழே இருக்கு, அடுத்த ஷாட்டில் திடீர்னு முழங்காலில் நிற்கிறான். நடுவில் என்ன ஆச்சு? இவ்வளவு செலவு பண்ணி எடுத்து, கண்டினியூட்டி பார்த்தவர் தூங்கிட்டாரா?” அதற்கு இருநூறு பேர் சிரித்திருந்தார்கள்.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் பெயரிலேயே பதில் எழுதினேன்.

“கண்டினியூட்டி பார்த்தது நான்தான். தூங்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.”